அடுத்த குப்பத்தோடு நின்ற குழாய்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பொன்னேரியில் போட்ட கடிதம் மணவாள நகருக்கு வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கிறது. "ரயில் மாறி அவனே வந்திருந்தா அரை நாள்ல வந்திருப்பான்" என்றாள் உன் அம்மா. அவளுக்குக் கோபம் தபால்காரர் மேல் இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்தத் தேர்தலில் உன்னை வாக்குச்சாவடி அலுவலராகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தாலுகா ஆபீசில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத உனக்கு இது பெரிய பொறுப்பு, எனக்கும் பெருமைதான். எந்தச் சாவடி என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அந்தக் குப்பம் எனக்குத் தெரிந்த குப்பம். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒரு முறை எழுதி ஆயிற்று, அது போதும்.

கடிதத்தின் கடைசியில் நீ ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாய். "அவர்கள் போட்ட ஓட்டு, அவர்கள் குடிக்கும் உப்புத் தண்ணீர், இதில் அரசாங்கத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?" என்று. உன் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதப்பட்ட வாக்கியம். பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அதை நானே எழுதியிருப்பேன்; கிட்டத்தட்ட எழுதியும் இருக்கிறேன். அதனால்தான் ஒரு தபால் அட்டையில் முடிக்க வேண்டிய பதிலை இப்படி நீளமாக எழுத உட்கார்ந்தேன். உன்னோடு தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை நீ படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று. உன் வாக்கியத்துக்கு என்னிடம் சரியான பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படிக்காதே. நடந்ததைச் சொல்கிறேன். நடந்ததைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

அறுபத்தேழு தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் அந்தக் குப்பத்துக்குப் போனேன். மீனவர் ஓட்டு எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள் பேப்பர் ஆபீசில். பழவேற்காட்டிலிருந்து படகில்தான் போக வேண்டும். மணல்மேட்டின் மேல் ஓலை வீடுகள், நடுவில் அம்மன் கோயில், ஒரே வாத்தியார் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான் ஊர். மழைக்காலம் முடிந்து இரண்டு மாதம் வரைக்கும் மணலில் குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மாசி பிறந்தால் அதிலும் உப்பு ஏறிவிடும். பிறகு பானைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்து பெண்கள் தண்ணீர் பிடித்துப் போவார்கள். காற்று எதிரடித்தால் அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் குழித் தண்ணீர்தான்.

அந்தத் தேர்தலில் நின்றவர்களில் ஒருவர், குப்பங்களுக்கெல்லாம் குழாய் போட்டு நல்ல தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். சும்மா சொல்லவில்லை. எந்த மணல்மேட்டில் ஊற்று இருக்கிறது, எங்கே தொட்டி கட்டலாம் என்று நடந்து பார்த்திருந்தார். அந்த விவரத்தை நானே அவரிடம் கேட்டு எழுதியிருந்தேன். ஆகவே ஊர்த்தலைவர் மாசிலாமணியிடம், "தண்ணிக்காரருக்குத்தானே உங்க ஓட்டு?" என்று கேட்டேன். விடை தெரிந்த கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் வலையை முடிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பேப்பர்காரரே, பக்கத்துக் குப்பத்துக்கு போய்ட்டுத்தான இங்க வர்றீங்க? அவனுங்க யாருக்கு போடறானுங்களாம்?"

"அவங்க தண்ணிக்காரருக்குத்தான்."

"அப்பறம் இன்னா கேள்வி?"

எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பொறுமையாகவே சொன்னார். ஏரியில் எந்தக் குப்பம் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்று ஒரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாட்டில் இரண்டு குப்பத்துக்கும் தகராறு. துடுப்பால் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன கதையெல்லாம் உண்டு. "நல்ல மனுசன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரு அங்க மாப்ள மாரி குந்திகினு கீறாரு. அவனுங்க தோள்மேல தூக்கிகினு ஆடறானுங்க. அவருக்கு நாங்க போட்டா அவனுங்களுக்கு போட்ட மாரி ஆயிடும். நாள பின்ன பாட்டுக்கு இன்னா மூஞ்ச வெச்சிகினு நிக்கறது?"

பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குறுக்கே பேசினாள். தேசம்மா என்று பெயர். முப்பது வயது இருக்கும். "தலைவரே, தண்ணி யாரு தூக்கறது? நீயா தூக்கற? உன் மீச தூக்குதா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்; மாசிலாமணியும் சிரித்தார். "உன் வாய்க்கே தனியா ஒரு ஓட்டு குடுக்கணும்டி" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, ஊரே கை அடித்துச் சத்தியம் செய்தது. ஒருத்தர் மாற்றிப் போட்டாலும் அம்மன் குற்றம். தேசம்மாவும் சத்தியம் செய்தாள்.

இதுவரைக்கும் உன் வாக்கியம் சரி. நீ தாராளமாக அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் கொடுப்பேன் என்று வந்தவரை, பக்கத்து ஊர்க்காரன் பிடிக்காது என்பதற்காக வேண்டாம் என்றார்கள். அந்த முட்டாள்தனத்தை அவர்களைத் தவிர யாரும் அவர்கள் தலையில் கட்டவில்லை.

அப்போதெல்லாம் ஒவ்வொரு சாவடிப் பெட்டியையும் தனித்தனியாகத் திறந்து எண்ணுவார்கள். எந்தப் பெட்டியில் யாருக்கு எவ்வளவு என்று கட்சி ஏஜெண்டுகள் குறித்துக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் குறித்துக்கொள்வேன். அந்தக் குப்பத்துச் சாவடியில் அந்த ஊரைத் தவிர வேறு ஓட்டு கிடையாது. பெட்டியைக் கவிழ்த்தார்கள். எல்லாச் சீட்டும் ஒரே சின்னம். தண்ணீர்க்காரருக்கு ஒன்றுகூட இல்லை. எண்ணுகிற மேஜையில் இருந்த குமாஸ்தா சீட்டுகளைத் திருப்பிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். ஆனால் தொகுதியில் தண்ணீர்க்காரர் ஜெயித்துவிட்டார்.

நான் அதை எழுதினேன். வென்றவர், தோற்றவர் என்று எழுதி முடித்த பிறகு, கீழே தனியாக ஒரு சின்னச் செய்தி: குடிநீர் தருவதாகச் சொன்னவருக்கு, குடிநீர் இல்லாத குப்பம் ஒரு ஓட்டுகூடப் போடவில்லை என்று. ஊர்ப் பெயர் போட்டு எழுதினேன். பெயர் போடாத செய்தி செய்தி இல்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் ஓடி, பட்டணம் போகிற ரயிலில் கவரைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் எழுதியதைக் கட்டம் கட்டிப் போட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிடும்போது உங்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினேன். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். "ஒருத்தர்கூடவா மாத்திப் போடல?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஊர் பேரை எதுக்குப் போட்டீங்க?" என்றாள். செவ்வாப்பேட்டையில் ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்தவர் மகள் அவள். யார் காதில் எது விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "உண்மையைத்தானே எழுதினேன்" என்று சொன்னேன்.

மறு வருஷம் குழாய் வேலை தொடங்கியது. சொன்னபடியே செய்தார் அந்த எம்.எல்.ஏ. அதை நான் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு குப்பமாக வந்த குழாய், பக்கத்துக் குப்பத்தோடு நின்றது. அங்கிருந்து இந்தக் குப்பத்துக்கு மணலில் நடந்தால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம். மாசிலாமணியும் நாலைந்து பேரும் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனார்கள். தேசம்மாவும் போனாள். நான் வேறு ஒரு செய்திக்காக அன்றைக்கு அங்கே இருந்தேன். அவர்களைப் பார்த்ததும் எம்.எல்.ஏ. எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை.

"உங்க மேல எனக்கு இன்னா கோவம் தலைவரே? கோவமே கெடையாது. எனக்குப் போட்டவங்க மொதல்ல குடிக்கட்டும், போடாதவங்க அப்பறம் குடிக்கட்டும். நியாயம்தான?"

"நாங்க போடலன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றார் மாசிலாமணி. ரகசிய ஓட்டு என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

எம்.எல்.ஏ. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். நான் கட்டம் கட்டி வந்ததில் பெருமைப்பட்டேனே, அந்தச் செய்தி. வெட்டி, மடித்து வைத்திருந்தார். "இதோ, சாரே எழுதிக்கீறாரு. இங்கதான் இருக்காரு, கேட்டுக்குங்க. பேப்பர்ல வந்தது பொய்யா?" என்றார்.

வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேப்பரில் வந்தது உண்மை, ஆனால் தண்ணீரை ஓட்டுக்குக் கூலியாகக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்பதுதான் என் தொழில். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏஜெண்டுகள் குறித்து வைத்திருப்பார்களே, நான் எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்குமே என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் இழுப்பறையில் இருந்தது ஏஜெண்டின் கையெழுத்து இல்லை.

அடுத்த கோடையில் அந்தக் குப்பத்தில் வாந்திபேதி வந்தது. பக்கத்துக் குப்பத்துக் குழாயில் பிடித்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். கேட்டார்கள். பாட்டுத் தகராறு தீருகிற வரைக்கும் ஒரு குடம்கூடக் கிடையாது என்று அந்த ஊரில் கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள். அதற்கும் கற்பூரம் ஏற்றித்தான் சத்தியம். தேசம்மாவின் மகள் எட்டு வயசில் செத்துப்போனாள். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நாலு வரிச் செய்தி எழுதினேன். அதைக் கட்டம் கட்டிப் போடவில்லை.

எழுபத்தொன்றில் மறுபடியும் தேர்தல் வந்தது. இந்த முறை மாசிலாமணி பாட்டுத் தகராறைப் பற்றிப் பேசவில்லை. அதே கோயிலில், அதே கற்பூரத்தில், ஊரே அந்த எம்.எல்.ஏ.வுக்குப் போடுவதாகச் சத்தியம் செய்தது. தேசம்மா எல்லோருக்கும் முன்னால் கை அடித்தாள் என்று சொன்னார்கள். ஓட்டு நாளன்று அந்தச் சாவடிக்கு நானே போயிருந்தேன். படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவரைக்கூட வலையில் கட்டித் தூக்கி வந்தார்கள். எம்.எல்.ஏ. மறுபடியும் ஜெயித்தார். மாலை வாங்கிக்கொண்டு குப்பத்தார் போனார்கள். நான் கூடவே போனேன், இந்த முறை வேண்டுமென்றே.

அந்தத் தேர்தலிலிருந்து முறையை மாற்றியிருந்தார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரிந்து பழிவாங்கக் கூடாது என்பதற்காக, எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகுதான் எண்ண வேண்டும். நல்ல ஏற்பாடு. அதைப் பாராட்டி நான் எழுதியும் இருந்தேன். எம்.எல்.ஏ. மாலையை வாங்கிக்கொண்டு, "எல்லா ஊரும் எனக்குத்தான் போட்டேன்னு வர்றாங்க. நான் எதை நம்பறது? கலந்துட்டாங்களேப்பா" என்றார்.

"அம்மன் மேல சத்தியம் பண்ணிக்கீறோம்ங்க" என்றார் மாசிலாமணி.

"போன தடவையும் அம்மன் மேலதான பண்ணீங்க?" என்றார் அவர். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தேசம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீ எழுது. நாங்க போட்டோம்னு பேப்பர்ல எழுது. அன்னிக்கு எழுதினல்ல?" என்றாள். பெட்டி கலந்துவிட்டது, எனக்கும் தெரியாது, தெரியாததை எழுத முடியாது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்லதுக்குன்னா உங்களுக்கு தெரியாம போயிடுதே" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். போன வருஷம் ஆட்சி கலைந்தது, எம்.எல்.ஏ. என்று யாரும் இல்லை, அதிகாரிகளே எல்லாம். இனிமேல் ஓட்டுக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை, மனு கொடுத்தால் வேலை நடக்கும் என்று நானே அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அதிகாரி மனுவை நிதானமாகப் படித்தார். இதெல்லாம் மக்கள் பிரதிநிதி சிபாரிசு செய்தால்தான் எடுக்க முடியும், தேர்தல் வரட்டும் என்றார். இதையும் செய்தியாக எழுதி அனுப்பினேன். தணிக்கையில் போய்விட்டது. போன வருஷம் முழுக்க, நம் பேப்பரைப் படித்த ஒருவனுக்கு இந்தப் பக்கத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வருகிற தொழிற்சாலைகளுக்கு ஆழ்குழாய் இறக்கியதை மட்டும் படத்தோடு போட்டோம். தேசம்மாவின் பெரிய மகன் அங்கேதான் கூலிக்குப் போகிறான். அந்தக் குழாய்த் தண்ணீருக்காக யாரும் யாருக்கும் ஓட்டுப் போட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்துப் போட்டார்கள், தண்ணீர் வரவில்லை. ஆதரித்துப் போட்டார்கள், வரவில்லை. ஓட்டே இல்லாத வருஷத்திலும் வரவில்லை. இப்போது நீ சொல், இதில் எந்த உப்புத் தண்ணீர் எந்த ஓட்டுக்கு? உன்னைத் தோற்கடிக்க இதைக் கேட்கவில்லை. முதல் ஓட்டு அவர்கள் குற்றம் என்று நானே சொல்லிவிட்டேன். ஒரு குற்றத்துக்கு எத்தனை வருஷம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கொலைக்குக்கூட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மக்கள் எப்படியோ ஆட்சியும் அப்படி என்று சொல்வது சுலபம். நானும் தலையங்கக்காரர்களுக்கு அந்த வரியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மக்கள் என்று சொல்லும்போது நாம் யாரைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார். நீ குப்பத்தாரைச் சொன்னாய். உன்னையும் என்னையும் சொல்லவில்லை.

அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் இதுவரை ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு ஓட்டு நாளும் எனக்கு வேலை நாள். விடியும் முன்னே கிளம்பி, எத்தனையோ சாவடிக்குப் போவேன். வரிசையில் நிற்பவர்களிடம் ஏன் வந்தீர்கள், யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேட்பேன். நம் தெருப் பள்ளிக்கூடத்துப் பட்டியலில் என் பெயர் மாலை வரைக்கும் கோடு போடாமல் கிடக்கும். ஒரு முறை உன் அம்மா விரல் மையைக் காட்டிச் சொன்னாள்: "ஊரார் ஓட்டெல்லாம் எண்ணிக்கினு வர்றீங்க. உங்க ஓட்ட எந்தப் பெட்டில தேடறது?" வேலையைக் காரணம் சொன்னேன். அந்தக் குப்பத்துக் கிழவர் வலையில் தொங்கியபடி வந்து போட்டார். எனக்குச் சைக்கிள் இருந்தது. படித்தவன், சத்தியத்துக்குக் கட்டுப்படாதவன், நாலு பேப்பர் படித்து எடை போடக் கூடியவன். நல்ல ஆட்சிக்கு யார் ஓட்டு வேண்டும் என்று நீ நினைக்கிறாயோ, அந்த ஆள் நான்தான். அந்த ஆள் வரவே இல்லை.

போன வாரம் நான் குப்பத்துக்குப் போனேன். மாசிலாமணிக்குக் கண் தெரியவில்லை. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க நைனா" என்றார். தேசம்மாவுக்கு முடி பாதி நரைத்துவிட்டது. ஊரில் இன்னும் கற்பூரம் ஏற்றவில்லை. யாருக்கு என்று முடிவாகவில்லை.

"இது டில்லிக்கு போடற ஓட்டாமே?" என்றாள்.

"ஆமாம், பாராளுமன்றம்."

"டில்லிக்காரன் தண்ணி குடுப்பானா?"

"அவங்க நேரா கொடுக்க மாட்டாங்க. அது மாநில அரசு வேலை. அதுக்கு வேற தேர்தல் வரும்."

"அப்ப இத இன்னாத்துக்கு போடறது?" கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சொன்னேன்: பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், காரணம் சொல்லாமல் சிறையில் வைத்தவர்கள். எல்லாவற்றையும் சுருக்கமாக, பிழை இல்லாமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கவனமாகக் கேட்டாள். பிறகு, "அண்ணே, நீ எல்லா ஊரும் பாத்தவன். கற்பூரம் கெடக்கட்டும். யாருக்குப் போட்டா தண்ணி வரும்? அத மட்டும் சொல்லு, ஊரையே போட வெக்கிறேன்" என்றாள். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. மாசிலாமணிகூடக் குரல் வருகிற திசைக்குத் தலையைத் திருப்பினார். இருபது வருஷமாகத் தேர்தல் பார்க்கிறவன் நான், சேகர். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. தெரிந்தும் சொல்லாமல் போகிறேன் என்றே நினைத்தார்கள்.

இந்த முறை ஓட்டு நாளில் வேறு ஆளை அனுப்பும்படி ஆபீசுக்கு எழுதிவிட்டேன். நம் தெருப் பள்ளிக்கூடத்தில் உன் அம்மாவோடு வரிசையில் நிற்கப் போகிறேன். இதனால் என்ன ஆகும் என்று கேட்காதே. எதுவும் ஆகாது என்றே தோன்றுகிறது. ஆகாவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் புரியவில்லை.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. சின்னதாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் முதல் நாளே பெட்டியோடு படகில் போய் அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவீர்கள். வந்த அதிகாரிகளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது அந்த ஊரில் அவமானம். எந்த வீட்டிலாவது, பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்து குழந்தைகளுக்கென்று மூடி வைத்திருக்கும் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். குழித் தண்ணீரை அவர்கள் குடிப்பார்கள். நீ வேண்டாம் என்றால் சங்கடப்படுவார்கள். அதனால் ஒரு செம்பு மட்டும் வாங்கிக் குடி. மற்றபடி படகு ஏறும்போதே பழவேற்காட்டில் உங்கள் ஆறு பேருக்கும் இரண்டு நாளைக்கு வேண்டிய தண்ணீரைப் பிடித்துக்கொள். படகுக்காரன் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, அதற்கு மேலும் நாலு பானை ஏற்று. அந்த நாலையும் ஓட்டுப்பதிவு நடக்கும்போது வெளியே எடுக்காதே. எடுத்தால் யாருக்குப் போட்டதற்கு இந்தத் தண்ணீர் என்று அதற்கும் ஒரு கணக்குப் பார்ப்பார்கள். கடைசி ஆளும் போட்டு முடித்து, பெட்டிக்கு அரக்கு வைத்து, நீ கையெழுத்துப் போட்ட பிறகு, நாலு பானையையும் தேசம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வா.

அன்புடன்,
அப்பா